ஹஜ் பயணமும் தடுப்பூசியும்

அனகாபுத்தூர்வாசிகளுக்கு விமானம் புதிதன்று. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களின் இரைச்சல் எந்நேரமும் காதில் விழும் ஊர் இது. ஆயினும் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருக்கும் சகோதரர்களில் சிலர், "அல்லாஹ்வின் விருந்தாளியாகப் போகிறோம், ஊசி எதற்கு ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். வேறு சிலரோ ஊசி போடாமலே சான்றிதழ் மட்டும் வாங்கலாமா என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் நம்மை வருத்துகிறது.

முதல் கேள்விக்கு உமர் (ரலி) அவர்களின் வரலாறே பதில். ஷாம் நோக்கிச் சென்ற கலீஃபா அவர்கள் ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்கள், அன்ஸாரிகள், குறைஷி முதியோர் ஆகியோரிடம் ஆலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கினார்கள். பின்னர் வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), நோயுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், அங்கிருப்பவர் தப்பியோடவும் வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். அவர்களைவிட நமக்குத் தவக்குல் அதிகமோ?

இனி சான்றிதழ் விஷயம். மூளை உறைக் காய்ச்சல், தொண்டையில் தங்கும் கிருமியால் இருமல், தும்மல் வழியே பரவுவது. 1987 ஹஜ்ஜில் அது பரவியது. 2000-இலும் 2001-இலும் வேறு வகைக் கிருமி பரவி, ஊர் திரும்பிய ஹாஜிகளின் வீட்டாரையும் பிடித்தது. அதன் பிறகே நான்கு வகைக் கிருமிகளுக்குமான ஊசியை சவூதி அரசு கட்டாயமாக்கியது. அங்கு போய்ச் சேருவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியின்றிச் சீட்டு வாங்குபவர் பொய்ச் சான்று சுமப்பதோடு, பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்கும் வீட்டுக் குழந்தைக்கும் தீங்கிழைக்கத் துணிகிறார். ஹலாலான பணத்தைச் சேர்த்துப் புறப்படுபவர் முதல் அடியையே பொய்யில் வைப்பதா?

ஒரு மஸ்அலா: தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால உலமாக்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஹாஜிகளுக்குத் தரும் போலியோ சொட்டு மருந்தோ வாய்வழி விழுங்குவது, நோன்பு முறியும். ஆகவே நோன்பு நாட்களில் அதை இரவில் அருந்த ஏற்பாடு செய்துகொள்க.

வியாபாரத்துக்காக ஆப்பிரிக்கா செல்வோருக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. அருகிலேயே கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். இதற்கும் பத்து நாள் கணக்கு உண்டு. 2016 முதல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும்.

வெயிலுக்கு ஊசி கிடையாது. 2024 ஹஜ்ஜில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடும் வெப்பமே அதற்குப் பெருங்காரணம். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடக் கூடாது என்பதற்காகக் குடையையும் ஒதுக்குவோர் உண்டு. தலையில் படாமல் பிடிக்கும் குடை கூடும். தாராளமாகக் கொண்டு செல்லுங்கள்.