சாலையோரத்துப் பரிசில்

சென்னையினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மதுரவாயலை அடுத்துள்ளது வானகரம். மீன்சந்தைக்கு வருவோரும் பேருந்துக்குக் காத்து நிற்போருமாக அங்கே மக்கள் நடமாட்டம் மிகுதி. ஒருநாட் காலை, அங்குள்ள நடைபாதையில் ஒருவர் அமர்ந்து அனுமன் உருவத்தை எழுதிக்கொண்டிருந்தார். வண்ணச் சுண்ணக்கட்டிகள் சில, அடுப்புக்கரி, செங்கற்பொடி ஆகியவையே அவர் கொண்டிருந்தவை. விரல்நுனியால் பொடியைத் தேய்த்துத் தேய்த்துத் தோளின் திரட்சியை அவர் புலப்படுத்திய திறம் வியத்தற்குரியது.

இதனை யான் பின்னரே கண்டேன். முதலில் யான் செய்ததோ, பேருந்தைப் பிடிக்கும் விரைவில், படத்தை நோக்காமலே ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வீசிச் சென்றதேயாம். அஃது உருண்டோடி அனுமன் வாலின்மேல் விழுந்து வண்ணத்தைச் சிறிது கலைத்தது.

“ஐயா, காசு இருக்கட்டும், படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்” என்றார் ஓவியர். அவர் சினந்து கூறவில்லை. ஆயினும் யான் நாணி நின்றேன். பல்லாண்டு புறநானூறு கற்பித்தவனுக்கு அச்சொல் புதியதன்று.

பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அரசன் அவரை நேரிற் காணாது, பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். வறுமையுற்றிருந்தும் புலவர் அதனை ஏற்றாரல்லர். தம்மைக் காணாது ஈந்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து அளிப்பின் மிகச் சிறிய பரிசிலும் இனிதே என்றும் பாடினார். புறநானூற்றில் அது 208-ஆம் பாட்டு. இளவெளிமான் சிறிதளவு கொடுத்தபோதும் இவரே அதனை மறுத்துக் குமணனிடம் சென்று யானை பெற்றுவந்து, அதனை இளவெளிமானின் காவல்மரத்திற் கட்டிவிட்டுப் போனவர். அம்மரம் என்ன பாடுபட்டதோ!

தெருவிற் கலை காட்டுதலும் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளதே. கயிற்றின்மேல் ஆடுவோர்க்குக் கொட்டும் பறையொலியை, காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுக்கு உவமையாக்கியுள்ளது குறுந்தொகையின் 7-ஆம் பாட்டு. இன்றும் கழைக்கூத்தாடுவோர் ஆட்டம் முடித்த பின்னரே தட்டேந்தி வருகின்றனர். இத்தாலி நாட்டிலோ, தரையில் மரியன்னையின் உருவத்தை எழுதிக் காசு பெறுவோர்க்கு அவ்வன்னையின் பெயரையொட்டி ‘மதொன்னாரி’ என்றே பெயர் வழங்குகிறது. கிராட்சியே என்னும் சிற்றூரில் 1973 முதல் அவர்கள் ஆண்டுதோறும் கூடி ஓவியம் எழுதுகின்றனர்.

நம் நாட்டுச் சட்டமோ அத்துணைக் கனிவுடையதாக இருந்ததில்லை. 1959-ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் பாடியும் ஆடியும் பொருள் பெறுதலையும் இரத்தலாகவே வகுத்தது. முதன்முறை குற்றவாளி எனக் காணப்பட்டவரையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைத்து வைக்க இடந்தந்தது. தில்லியில் நடைமுறையிலிருந்த அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் செல்லாதனவாக்கியது. பரிசிலரையும் இரவலரையும் பிரித்தறியாத சட்டத்தை யான் குறை கூறலாம். ஆனால் நாணயத்தை வீசிய என் கையும் அன்று அதனையேயன்றோ செய்தது?

பேருந்து சென்றுவிட்டது. யான் நின்று படத்தை முழுதும் நோக்கினேன். மூக்கு சற்று நீண்டுவிட்டதாகக் கூறினேன். ஓவியர் சிரித்து, கரித்துண்டை எடுத்து அதனைத் திருத்தினார். பிறகு நாணயத்தை எடுத்துத் துடைத்து மடியில் முடிந்துகொண்டார்.

மாலையில் யான் திரும்பியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடைபாதையில் செங்கல் நிறம் சிறிது எஞ்சியிருந்தது, ஓவியரைக் காணவில்லை.