நாமினியா, கியாரண்டரா? பார்த்துக் கையெழுத்துப் போடுங்க!



வங்கிப் படிவம், பாஸ்புக், செல்போனில் வரும் மெசேஜ் எல்லாவற்றிலும் இங்கிலீஷ் வார்த்தைகள்தான். எல்லாமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பணத்தைப் பாதிக்கிற சில வார்த்தைகளை மட்டும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கிரெடிட் என்றால் கணக்கில் பணம் வந்தது. டெபிட் என்றால் போனது. இது நம்மில் பலருக்குப் பழகிவிட்டது. கார்டு என்று வரும்போது மட்டும் கவனம். டெபிட் கார்டில் எடுப்பது நம் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் செலவு செய்வது வங்கியின் பணம், அதாவது கடன்.

கூட்டங்களில் அதிகம் குழம்புவது நாமினியும் கியாரண்டரும்தான். நாமினி என்றால் நியமனதாரர். கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால், அந்தப் பணத்தை வங்கியிலிருந்து வாங்குவதற்காக அவர் பெயர் கொடுத்து வைத்த ஆள். வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. நாமினி என்பதற்காக யாரும் அடுத்தவர் கடனைக் கட்ட வேண்டியதில்லை.

கியாரண்டர் கதையே வேறு. அது ஜாமீன்தாரர். ஷ்யூரிட்டி என்று போட்டிருந்தாலும் அதேதான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கோ-பாரோவர் என்றிருந்தால் இன்னும் நேராகவே, அந்தக் கடன் உங்கள் பேரிலும் இருக்கிறது என்று அர்த்தம். விட்னஸ் என்றால்தான் வெறும் சாட்சி. "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் அண்ணி" என்று நாத்தனாரே படிவத்தை நீட்டினாலும், கையெழுத்துப் போடும் இடத்தில் எந்த வார்த்தை அச்சாகியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்களேன்னு தயங்காதீங்க.

அடுத்து, அவுட்ஸ்டாண்டிங், ஓவர்டியூ. அவுட்ஸ்டாண்டிங் 18,000 என்று மெசேஜ் வந்தால் பயப்பட வேண்டாம். இனி கட்ட வேண்டிய மொத்த பாக்கி அவ்வளவு, அவ்வளவுதான். ஓவர்டியூ என்றிருந்தால்தான் தவணை தவறியிருக்கிறது. உடனே ரசீதை எடுத்துச் சரிபாருங்கள்.

வட்டியில் ஃப்ளாட் என்ற வார்த்தையைப் பாருங்கள். 10,000 ரூபாய்க் கடன், 12 மாதத் தவணை, 12 சதவீத வட்டி. ஃப்ளாட் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறையாது. மொத்தம் 1,200 ரூபாய். ரெட்யூசிங் அல்லது டிமினிஷிங் என்றால் மீதி அசலுக்கு மட்டும் வட்டி; மாதாமாதம் சமத் தவணையாகக் கட்டினால் 660 ரூபாய்க்குக் கொஞ்சம்தான் கூட வரும். சதவீதம் ஒன்றுதான், வட்டியோ கிட்டத்தட்ட இரட்டிப்பு!

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நுண்கடன் தருபவர்கள் கடன் விவரத்தாளையும் கடன் அட்டையையும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதனால் இங்கிலீஷில் மட்டும் கொடுத்தால், "தமிழில் கொடுங்க சார்" என்று தைரியமாகக் கேட்கலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரவர் கடன் அட்டையைக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.