கடாரத்தை எழுதும் தம்பிக்கு



தாராவியில் உட்கார்ந்து ராஜேந்திர சோழனின் 1025 கடாரப் படையெடுப்பை நாவலாக எழுதுகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கைப்பிரதியை முழுக்கப் படித்தேன். கடல் வரும் பக்கங்கள் அருமை. கோட்டை முற்றுகையில்தான் குறை. மூன்று அத்தியாயமும் வாள்சண்டை. ஒருவருக்கும் பசிக்கவே இல்லை.

முற்றுகையை முடித்துவைப்பது பெரும்பாலும் சோறுதான். அதற்கு உன் மும்பையே சாட்சி. 1689-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜான் சைல்டு, ஔரங்கசீப்பின் கடற்படைத் தலைவரான ஜஞ்சிரா சித்தி யாகூத் கானின் படைக்குத் தானியம் ஏற்றிப்போன கப்பல்களைப் பிடித்துக்கொண்டார். சித்தியின் ஆட்கள் இரவோடு இரவாகச் சிவ்ரியில் வந்து இறங்கினார்கள். மசகாவும் மாஹிமும் போயின. கம்பெனிக்காரர்கள் கோட்டைக்குள் அடைபட்டார்கள். மழைக்காலத்தில் உணவுக்கே திண்டாட்டம். ஓராண்டுக்கு மேல் இழுத்த அந்த முற்றுகையை எந்த வீரனும் உடைக்கவில்லை. கம்பெனி ஔரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டிய பிறகுதான் 1690 ஜூனில் சித்தி கிளம்பினார். சைல்டு அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

காலா கில்லா பஸ் டெப்போவைத் தாண்டித்தானே தினமும் போகிறாய்? அங்குள்ள காலா கில்லா கோட்டைச் சுவரின் கல்வெட்டைப் படித்துப் பார். கவர்னர் ஜான் ஹோர்ன் பெயரும் 1737 என்ற ஆண்டும் இருக்கும். மராட்டியர் தானேயைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்ததும் அதே ஆண்டில்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விரார் லோக்கலில் வசாய்க் கோட்டைக்குப் போ. 1739 மே மாதம் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பாவின் படை அந்த மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. மதில் எவ்வளவு தடிமன் என்று கையால் தொட்டுப் பார். சிமாஜியின் பெயர் நிலைத்துவிட்டது. அடியில் மண் வெட்டியவனின் பெயர் நமக்குத் தெரியாது. அவனுக்குப் பெயர் வைப்பது நாவலாசிரியனின் வேலை.

இனி உன் கடாரத்துக்கு வருவோம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டதைச் சொல்கிறது. வித்யாதர தோரணத்தையும் மணிக்கதவுகளையும் சொல்கிறது. சண்டை எத்தனை நாள் நடந்தது என்று சொல்லவில்லை. அங்கே நீ தாராளமாகக் கற்பனை செய்யலாம். ஆனால் கணக்கு போட்டுக் கற்பனை செய். கப்பலில் எத்தனை நாளுக்கு அரிசி? குடிதண்ணீர் எங்கே கிடைத்தது? காற்று திரும்பும் முன் ஊர் திரும்ப வேண்டாமா? வெளியே நிற்கும் படைக்கும் பசி உண்டு, கெடு உண்டு.

அந்த மூன்று அத்தியாயங்களையும் திரும்ப எழுது. கோட்டைக்கு உள்ளே இருந்த கடாரத்து ஜனங்களுக்கும் அதில் இடம் கொடு.