நிக்கல் மின்வாயில் ஆராய்ச்சி செய்வோர் கவனத்துக்கு

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க ஏட்டுக் கணக்கில் 1.23 வோல்ட் போதும். அதற்கு மேல் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் வினையூக்கியின் யோக்கியதை தெரியும். தொல்லை பெரும்பாலும் ஆக்சிஜன் வரும் பக்கத்தில். காரக் கரைசலில் நிக்கலை வைத்து வேலை தொடங்கும் மாணவர்களுக்கு இது.

செய்ய வேண்டியவை

• முதலில் கரைசலில் உள்ள இரும்பை எடுங்கள். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், உயர்தரம் என்று லேபிள் இருந்தாலும், துளியூண்டு இரும்பு இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொள்ளும். உடனே ஆக்சிஜன் வெளியீடு பல மடங்கு எகிறும். காரிகன் என்ற ஆய்வாளர் இதை 1987இலேயே எழுதிவிட்டார். 2014இல் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு, இரும்பில்லாத நிக்கல் உண்மையில் மந்தமானது என்றே காட்டியது. அப்படியிருந்தும், புதிதாக எதையோ சேர்த்ததால் வந்த முன்னேற்றம் என்று இன்னும் கட்டுரைகள் வருகின்றன! தூய நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கரைசலோடு நன்றாகக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்ததை மட்டும் எடுங்கள். இரும்பு வீழ்படிவோடு போய்விடும். இரும்பு வேண்டுமென்றால் பிறகு அளந்து சேருங்கள்.

• பிளாஸ்டிக் கலம் வையுங்கள். காரம் கண்ணாடியை அரிக்கும். அதிலிருந்தும் இரும்பு கசியும்.

• வெளிவரும் வாயுவை அளவிடுங்கள். வினையூக்கியாக வைக்கும் நிக்கல் சல்பைடும் பாஸ்பைடும் ஆக்சிஜன் பக்கத்தில் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து ஆக்சிஹைட்ராக்சைடாகிவிடும். அந்த மின்னோட்டமும் உங்கள் கணக்கில் ஏறும்.

செய்யக்கூடாதவை

• ஹைட்ரஜன் பக்கத்தைச் சோதிக்கும்போது இணை மின்வாயாகப் பிளாட்டினக் கம்பி கூடாது. அது மெல்லக் கரைந்து உங்கள் மின்வாயில் படியும். ஓட ஓட மேம்படும் வினையூக்கியைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கார்பன் தண்டு போதும், விலையும் குறைவு.

• நிக்கல் ஃபோமில், மின்னழுத்தம் ஏறும்போது வரும் 10 மில்லியாம்பியரை நம்பாதீர்கள். ஆக்சிஜன் வருவதற்கு முன்பே நிக்கல் தானே ஆக்சிஜனேற்றமடையும் முகடு அங்கே நிற்கும். மின்னழுத்தம் இறங்கும்போது அளவைப் படியுங்கள்.

• சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியரோடு நிறுத்திவிடாதீர்கள். ஆலைகளில் நூற்றுக்கணக்கில் ஓடும். குமிழிகள் மின்வாயை மூடுவதும் பூச்சு உரிவதும் அங்கேதான் தெரியும்.

• மின்தடைத் திருத்தத்தைச் சொல்லாமல் செய்யாதீர்கள். எத்தனை விழுக்காடு என்று எழுதி, திருத்தாத வளைவையும் பக்கத்திலேயே போடுங்கள்.