பிறர் நிலத்தில் விளைந்த பயிர்

பப்ஜி என்னும் விளையாட்டின் பெயரை இந்திய மாணவர் பலர் அறிவர். தீவு ஒன்றில் நூறு பேர் இறங்கிப் போட்டியிட, இறுதிவரை நிலைத்து நிற்பவர் வெற்றி பெறும் விளையாட்டு அது. தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் அதனை மக்களிடம் கொண்டுவந்தது. ஆயினும், அதன் வித்து அந்நிறுவனத்தில் தோன்றியதன்று. செக் நாட்டு நிறுவனம் ஒன்றின் 'ஆர்மா 2' என்னும் விளையாட்டை ஆர்வலர்கள் மாற்றியமைத்து, 'டே-ஸீ' என்னும் புதிய வடிவத்தை உருவாக்கியிருந்தனர். அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன், அவ்வடிவத்தை மீண்டும் மாற்றியமைத்துத் தம் போட்டி முறையை வகுத்தார். பின்னர் அவரையே புளூஹோல் அழைத்து, அம்முறையில் தனி விளையாட்டு ஒன்றை உருவாக்கச் செய்தது.

விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டை, அதனை விளையாடுவோரே மாற்றியும் விரித்தும் அமைக்கும் ஆக்கம் 'மோட்' எனப்படும். அது ஒரு புதிய நிலப்படமாக இருக்கலாம். புதிய விதியாக இருக்கலாம். முற்றிலும் வேறொரு விளையாட்டாகவும் இருக்கலாம். பெரும்பாலும் மோட் தனித்து இயங்காது. மூல விளையாட்டின்மீதே இயங்கும். ஆகவே, இது ஒருவர் நிலத்தில் மற்றொருவர் பயிரிடுவதைப் போன்றது. அப்பயிரின் விளைச்சல் யாருக்கு உரியது?

கதவைத் திறந்துவைத்த நிறுவனம்

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992இல் 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை மாற்றுவதற்கு எவ்வித வசதியும் இல்லாதபோதும், ஆர்வலர் சிலர் அதன் கோப்புகளை ஆராய்ந்து மாற்றங்களைச் செய்தனர். நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் அதனைக் கண்டு சினங்கொள்ளவில்லை. அடுத்த விளையாட்டில் அதற்கு வழி அமைத்தார். 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' விளையாட்டில், இயக்கும் நிரல் தனியாகவும், படம், ஒலி, நிலப்படம் ஆகியவை தனிக் கோப்பாகவும் வைக்கப்பட்டன. எனவே, மூலக் கோப்பைச் சிதைக்காமலே புதிய கோப்பை இணைத்து விளையாட இயன்றது.

இப்பெருந்தன்மையில் வணிக அறிவும் அடங்கியிருந்தது. இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பதிப்பில் மோட்கள் இயங்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிறுவனம் ஆர்வலர்களைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, மோட் இலவசமாயினும், அதனை விளையாட விரும்பியவர் மூல விளையாட்டை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஊதியம் பெறாதவர்களின் உழைப்பு, நிறுவனத்தின் விற்பனையை வளர்த்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் இதே நிலை காணப்பட்டது. 2009இல் வெளிவந்த ஆர்மா 2, டே-ஸீ மோட்டின் புகழால் 2012இல் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

ஆர்வலரை அழைத்த நிறுவனம்

ஆர்வலர்கள் பெற்ற பயனும் சிறிதன்று. வால்வ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின்மீது, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் மாணவர் இருவர் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் மோட்டை உருவாக்கினர். அதன் முதல் சோதனை வடிவம் 1999இல் வெளிவந்தது. விளையாடியோர் கூறிய குறைகளைக் கேட்டு, அவர்கள் அதனை அடுத்தடுத்துத் திருத்தினர். அதன் வளர்ச்சியைக் கண்ட வால்வ், உரிமையை விலைக்கு வாங்கி, இருவருக்கும் பணி வழங்கி, 2000ஆம் ஆண்டில் அதனைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கிய உழைப்பே அவர்களுக்குப் பயிற்சியாகவும் பணிக்கான தகுதிச் சான்றாகவும் அமைந்தது.

உரிமைப் பூசல்

எல்லாக் கதையும் இவ்வாறு இனிது முடிவதில்லை. பிளிசார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுடன் நிலப்படம் அமைக்கும் கருவியும் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு ஆர்வலர்கள் 2003இல் 'டோட்டா' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர, பலர் கைபட்டு அது வளர்ந்தது. அதனை வளர்த்தவர்களுள் ஒருவரை வால்வ் பணியில் அமர்த்தி, 'டோட்டா 2' விளையாட்டை உருவாக்கியது. பெயர் யாருக்கு உரியது என்று வால்வுக்கும் பிளிசார்டுக்கும் இடையே எழுந்த பூசல், 2012இல் உடன்பாட்டில் முடிந்தது. வணிகத்தில் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை வால்வுக்குக் கிடைத்தது. பூசலிட்ட இரு நிறுவனங்களும் அப்பெயரைச் சூட்டியவை அல்ல.

பிளிசார்ட் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் புதிய பதிப்பு 2020இல் வந்தபோது, அதில் பயனர் உருவாக்கும் ஆட்டங்கள் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை என்று விதி வகுத்தது. நிலத்துக்கு உரியவர், விதைக்கும் முன்னரே விளைச்சல் தமதே என எழுதி வாங்கிக்கொள்வதை ஒத்தது இது.

விலை வைத்தபோது

உழைத்தவருக்குப் பணம் கொடுத்தால் பூசல் தீர்ந்துவிடும் எனத் தோன்றலாம். 2015 ஏப்ரலில் 'ஸ்கைரிம்' விளையாட்டின் மோட்களை விலைக்கு விற்க வழிசெய்யப்பட்டது. விலையில் 25 விழுக்காடு உருவாக்கியவருக்கும், எஞ்சிய 75 விழுக்காடு இரு நிறுவனங்களுக்கும் எனப் பங்கிடப்பட்டது. உருவாக்கியவரின் பங்கு குறைவு என்றனர் சிலர். ஒரு மோட் மற்றொருவரின் மோட்டைச் சார்ந்திருக்கும்போது பணம் யாருக்குச் சேரும் என வினவினர் வேறு சிலர். இதுவரை ஒருவருக்கொருவர் மனமுவந்து உதவியவர்கள் இனிக் கணக்குப் பார்க்கத் தொடங்குவரே என வருந்தியோரும் உளர். சில நாள்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டு, பணமும் திருப்பித் தரப்பட்டது.

நிறுவனம் இன்றி மோட் இல்லை. மோட் இன்றிச் சில விளையாட்டுகளுக்கு நீண்ட வாழ்வும் இல்லை. இரு தரப்பும் ஒன்றையொன்று சார்ந்திருப்பினும், விதியை எழுதும் கை ஒன்றே. எனவே, மோட் உருவாக்க விரும்பும் இளையோர் இரண்டு செயல்களை மறவாது செய்தல் வேண்டும்: தொடங்குமுன் உரிம ஒப்பந்தத்தைப் படித்தல், தமக்குமுன் உழைத்தவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரைக் குறிப்பிடுதல். முன்னது தம் உழைப்பைக் காக்கும்; பின்னது பிறர் உழைப்பை மதிக்கும்.

அருஞ்சொற்பொருள்

வித்து – விதை
ஊதியம் – சம்பளம்
பூசல் – சண்டை
இசைவு – சம்மதம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

பயிற்சி

1. டூம் விளையாட்டின் கோப்புகள் எவ்வாறு அமைக்கப்பட்டன? அதனால் விளைந்த நன்மை யாது?
2. 'விதியை எழுதும் கை ஒன்றே' – இத்தொடரின் பொருளைப் பாடத்திலிருந்து சான்று காட்டி விளக்குக.
3. பிரித்து எழுதுக: நிலப்படம், அவ்வடிவம், மனமுவந்து.
4. 'ஒரு மோட்டின் வருவாயை எவ்வாறு பங்கிடுதல் நேர்மை?' – வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து விவாதித்து, உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.