இணையப் பெட்டியை மாற்றுமுன்

வியாபாரிகளாகிய நாம் சரக்கு வாங்கும்போது ஏமாறுவது அபூர்வம். அரிசியென்றால் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்போம். துணியென்றால் விரலால் நெருடிப் பார்ப்போம். மிளகாயென்றால் முகர்ந்து பார்ப்போம். ஆனால் வீட்டுக்கு ரவுட்டர் வாங்கப் போகும்பொழுது மட்டும், அட்டைப்பெட்டியின்மேல் அச்சடித்த பெரிய எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தக் குறையில் நாமும் பங்காளியே. ஆகவே இதனை உபதேசமாக அன்றி, பட்டறிந்தவன் சொல்லும் பாடமாக அன்பர்கள் கொள்வார்களாக.

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ளது சுங்கை சிப்பூட். அதற்கப்பால், முன்பு பால்மரத் தோட்டமாயிருந்து இப்பொழுது செம்பனையும் சில வரிசை வீடுகளுமாக மாறிவிட்ட ஓரிடத்தில் நம் பெரியம்மா தனியாக இருக்கிறார்கள். பெரியப்பா அங்கே தோட்டத்துக் கடை வைத்திருந்தவர்கள். தோட்டம் போயிற்று, கடை போயிற்று, பெரியம்மா மட்டும் இடத்தைவிட்டு வரமாட்டேனென்று இருந்துகொண்டார்கள். வீட்டுக்குள் செல்பேசிக்கு நேராக அலை கிடைப்பதில்லை. சன்னலோரம் வைத்துள்ள சிம் பெட்டியொன்றின் வழியாகத்தான் எல்லாப் பேச்சும். ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு முகம் பார்த்து நாலு வார்த்தை பேசுவது நமது வழக்கம்.

ஒருநாள் மாலை பெரிய இடிமழை. மஃரிபுக்குப் பிறகு அழைத்தோம், பதிலில்லை. இஷா ஆயிற்று, அப்பொழுதும் பதிலில்லை. மனம் எங்கெங்கோ போயிற்று. மழையோடு மழையாகக் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "என்னத்துக்கப்பா மழையிலே இவ்வளவு தூரம்? பெட்டிதான் மவுத்தாப்போச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்கள்.

மறுநாள் ஈப்போவில் ஒரு கடைக்குப் போய், இருப்பதில் பெரிய எண் போட்ட ரவுட்டராகப் பார்த்து 289 வெள்ளிக்கு வாங்கினோம். தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் அதில் சிம் போடும் இடமே இல்லை. அது கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டுக்கு உரிய சாமான். பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் ஈப்போ வந்தபோது, பழுது பார்க்கும் கடைத் தம்பி வேறொரு அடாப்டரை அதில் செருகினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. "பெட்டிக்கு ஒண்ணும் இல்லை நானா, அடாப்டர்தான் போயிருக்கு" என்றார். விலை 18 வெள்ளி. இதற்குள் பெரியம்மா இரண்டு இரவு பேச்சுத்துணையின்றி இருந்துவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்ற பாடங்களைக் கீழே வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் பழுது எங்கே என்று பார்க்க வேண்டும்

இணையம் நின்றுவிட்டதென்றால் ரவுட்டர் கெட்டுவிட்டதென்று பொருளல்ல. வெளியிலிருந்து வரும் கம்பி, அதை வாங்கும் மோடம், வீட்டுக்குள் அலையாகப் பரப்பும் ரவுட்டர், இவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் ஆகிய நான்கில் எதுவும் கெட்டிருக்கலாம்.

விளக்கு ஒன்றுமே எரியாவிட்டால் முதலில் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். மாற்று அடாப்டர் வாங்கும்போது, பழையதில் 12 வோல்ட் என்றிருந்தால் புதியதும் 12 வோல்ட்டாகவே இருக்கவேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம்; குறையக்கூடாது. செருகும் முனையும் பொருந்தவேண்டும்.

கண்ணாடியிழை இணைப்பில் மோடத்தின் முகப்பிலுள்ள 'பி.ஓ.என்.' என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் வெளிக்கம்பி பெரும்பாலும் நலமென்று கொள்ளலாம். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. அப்போது எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் பயனில்லை, நிறுவனத்தைத்தான் அழைக்கவேண்டும். இரண்டும் சரியாயிருந்தால் ஒரு கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரோடு இணைத்துப் பார்க்கலாம். கேபிளில் வேகம் வந்து, வைஃபையில் மட்டும் வரவில்லையென்றால், குற்றம் அலையிலோ, சுவரிலோ, பெட்டி வைத்த இடத்திலோ இருக்கிறது.

இன்னொன்று. நிறுவனம் கொடுத்த பெட்டியானால், ஒப்பந்தக் காலத்தில் அதை மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டே கடைக்குப் போகவேண்டும்.

2. கம்பிக்கு ஏற்ற பெட்டி

நம் நாட்டில் 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ் வந்தபோது தொலைபேசியின் செம்புக்கம்பி வழியாகவே இணையம் வந்தது. அதற்குரிய மோடம் வேறு. 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபோது கண்ணாடியிழை வீட்டு வாசலுக்கு வந்தது. அதற்குரிய மோடம் வேறு. சிம் அட்டையால் ஓடும் பெட்டியோ மூன்றாவது ஜாதி. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது. பார்வைக்கு மூன்றும் கொம்பு முளைத்த ஒரே மாதிரிப் பெட்டிகளாக இருப்பதுதான் தொல்லை.

289 வெள்ளிப் பெட்டி வீணாக வேண்டாமென்று அதை நமது ஈப்போ வீட்டில் மாட்டினோம். கண்ணாடியிழை வீடுதான், ஆனாலும் இணையம் வரவில்லை. காரணம் பிறகே தெரிந்தது. யூனிஃபை இணைப்பில் ஒரே இழைக்குள் இணையமும் தொலைக்காட்சியும் தனித்தனிப் பாதையில் வருகின்றன. ஒரே ரயிலில் பெட்டிக்குப் பெட்டி எண் இருப்பதுபோல இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்று எண் உண்டு. இதற்கு வி-லேன் என்று பெயர். புதிய ரவுட்டரிடம் 500 என்ற எண்ணைச் சொல்லி, நிறுவனம் தந்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால்தான் கதவு திறக்கும். மேக்சிஸ் ஃபைபருக்கு இந்த எண் 621. வேறு நிறுவனமானால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இதில் வி-லேன் எண் கொடுக்க இடமுண்டா?" என்பதே. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய தாள் வீட்டில் இல்லாவிட்டால், பழைய பெட்டியைக் கழற்றுமுன்னரே நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். மோடமும் ரவுட்டரும் ஒன்றாயமைந்த பெட்டியைச் சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிடலாகாது. கழற்றினால் ஒளியை வாங்க ஆளில்லை. புதிய ரவுட்டரை அதன் பின்னால்தான் இணைக்கவேண்டும்.

3. அட்டைப்பெட்டியின் எண்ணும் உண்மை எடையும்

பெட்டியின்மேல் 'ஏ.சி. 1200' என்றிருக்கும். 1200 மெகாபிட் வேகம் என்று நாம் நினைப்போம். உண்மை யாதெனில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 867 என்ற இரண்டையும் கூட்டி, மேலும் கொஞ்சம் உயர்த்திப் போட்டதே அந்த எண். நம் செல்பேசி ஒரு நேரத்தில் ஓர் அலையைத்தான் பிடிக்கும். அந்த 867-உம் சாக்கோடு நிறுத்த எடைதான். சுவரும் தூரமும் கழிந்து கைக்கு வருவது பெரும்பாலும் பாதி, அல்லது சற்று மேல்.

இதைவிட மோசமான பொறி ஒன்றுண்டு. விலை குறைந்த சில ரவுட்டர்களில் வைஃபை எண் பெரிதாயிருக்கும். ஆனால் பின்புறம் கேபிள் செருகும் வாய் 100 மெகாபிட் வாய். அதன் வழியே எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 94 மெகாபிட்டுக்கு மேல் உள்ளே வராது. யூனிஃபை தொடங்கிய காலத்தில் 5, 10, 20 மெகாபிட் திட்டங்களே இருந்தபடியால் அந்த வாய் தாராளமாகப் போதும். இன்று 300 மெகாபிட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு அந்த வாயை வைத்திருப்பது, மூன்று மூட்டைக்குக் காசு கொடுத்து ஒரு மூட்டை எடுத்து வருவதற்கொப்பாகும். கிகாபிட் வாய் உண்டா என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்கவேண்டும்.

புதுமை மோகமும் வேண்டாம். வைஃபை 5 என்பது 2013-ஐ ஒட்டி வந்தது. வைஃபை 6 கருவிகளுக்குச் சான்று வழங்குவது 2019-இல் தொடங்கியது. வைஃபை 7-க்கு 2024-இல். வீட்டிலுள்ள செல்பேசிகள் பழையனவாயிருக்க, வைஃபை 7 ரவுட்டர் வாங்கினால் அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள ஆளிராது. சாதாரண வீட்டுக்கு இன்று வைஃபை 6 போதுமானது.

4. சுவரைப் பார்த்து வாங்க வேண்டும்

ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளை நாம் அறிவோம். ஜாலான் சுல்தான் யூசுப் என்று இன்று வழங்கும் பெல்ஃபீல்டு வீதியைப் போன்ற வீதிகளில், முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், செங்கற்சுவர் கனம். அஞ்சடிப் பக்கம் கல்லாப் பெட்டியருகே ரவுட்டரை வைத்துவிட்டு, மேல்மாடியின் பின்னறையில் பிள்ளை பாடம் படிக்க வைஃபை வரவில்லையென்றால் ரவுட்டரை நோவதில் நியாயமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது. ஆனால் தூரம் போகும். தகரமும் இரும்பும் இரண்டையும் தடுக்கும்.

எனவே ரவுட்டரை வீட்டின் நடுவே, நடுமுற்றம் இருந்தால் அதன் பக்கத்தில், ஆளுயரத்துக்கு மேல் வைக்கவேண்டும். இரும்புப் பெட்டிக்குப் பின்னாலும் குளிர்ப்பெட்டியின்மேலும் வைக்கலாகாது. நீண்ட வீடானால் விலை மிகுந்த ஒற்றை ரவுட்டரைவிட, நடுத்தரமான இரண்டைக் கேபிளால் இணைத்து, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக வைப்பது மேல். கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும்.

5. பழைய தோட்டத்து வீடுகள்

கண்ணாடியிழை எட்டாத இடத்தில் சிம் ரவுட்டரே கதி. நம் நாட்டில் 3ஜி சேவை 2021-இல் படிப்படியாக மூடப்பட்டுவிட்டது. ஆதலால் 3ஜி மட்டும் தெரிந்த பழைய பெட்டியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. எந்த நிறுவனத்தின் அலை அந்த இடத்தில் நன்றாக வருகிறதென்று இரண்டு மூன்று சிம்களைச் செல்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நிறுவனத்தின் அலைவரிசைகளை ஏற்கும் பெட்டியை வாங்கவேண்டும். தாழ்ந்த அலைவரிசை, செம்பனைக் கூட்டத்தைக் கடந்து வருவதில் உயர்ந்ததைவிட வல்லது. தகரக்கூரையின்கீழ் நடுவீட்டில் வைப்பதைவிடக் கோபுரம் இருக்கும் திசைச் சன்னலில் வைப்பது நலம். வெளி ஆண்டெனா பூட்டும் இடமுள்ள பெட்டியானால் இன்னும் நலம்.

இடியோ, நம் பகுதிக்குப் புதிதல்ல. செம்புத் தொலைபேசிக் கம்பி இடியின் மின்வீச்சை வீட்டுக்குள் கொண்டுவரும். கண்ணாடியிழை கொண்டுவராது, ஆனால் மின்சாரக் கம்பி வழியாக அது வரக்கூடும். வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது காசு செலவில்லாத காப்பு.

6. பூட்டும் சாவியும்

கடையும் வீடும் ஒரே இணைப்பில் ஓடுவது நம்மவரிடம் சாதாரணம். கியூ.ஆர். பணம், கண்காணிப்பு கேமரா, வங்கிக் கணக்கு யாவும் அந்த ஒரு பெட்டி வழியாகவே போகின்றன. 2018-இல் வி.பி.என்.ஃபில்ட்டர் என்ற நச்சு நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆதலால், உற்பத்தியாளர் இன்னும் புதுப்பிப்பு நிரல் வழங்கும் மாதிரியையே வாங்கவேண்டும். பெட்டியோடு வந்த நிர்வாகி பாஸ்வேர்டை அன்றே மாற்றவேண்டும். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு இருக்கவேண்டும். வாடிக்கையாளருக்கும் விருந்தாளிக்கும் தனி வைஃபைப் பெயர் கொடுத்து, கடைக்கணக்கு ஓடும் வழியை நமக்கென்று வைத்துக்கொள்ளவேண்டும். எம்.சி.எம்.சி. முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்க.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுத்தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: கம்பி எது, நிறுவனம் எது, வி-லேன் எண் என்ன, மாதம் எத்தனை மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறோம், பெட்டி எந்த இடத்தில் இருக்கப்போகிறது. இந்த ஐந்துக்கும் பொருந்தும் பெட்டி 150 வெள்ளியானாலும் நல்ல பெட்டி. பொருந்தாதது 600 வெள்ளியானாலும் வீண்.

பெரியம்மா வீட்டுச் சன்னலில் அந்தப் பழைய பெட்டியே இன்றும் ஓடுகிறது. பக்கத்தில் ஒரு மாற்று அடாப்டர் வைத்திருக்கிறோம். மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள்; பிடுங்குமுன் அழைத்து, "மழை வருது, இனி விடிஞ்ச பிறகு பேசுவோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் நமக்கு உறக்கம் வருகிறது. வீட்டிலிருந்து தூரத்தில் முதியோர் உள்ள அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.