முதற்போட்டிக்கு எந்த விமானம்?

சீனக்குடாவில் விமானப்படையின் விமானங்கள் எழுவதும் இறங்குவதும் திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் பழகிய காட்சி. தானே ஒரு விமானம் செய்து போட்டியில் பறக்கவிட நினைப்பவருக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. கதவு சாத்திய மண்டபமும் முறுக்கிய இறப்பரும் போதும். உள்ளரங்கப் போட்டியில் வேகத்துக்குப் புள்ளி கிடையாது. கையை விட்டுப் போனதிலிருந்து தரை தொடும்வரை எவ்வளவு நேரம் பறந்தது என்பதே கணக்கு.

புதியவர்கள் பெரும்பாலும் சாதனை நேரத்தைப் பார்த்து வகையைப் பிடிக்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆகக்குறைந்த எடை. "இதைவிடப் பாரம் குறையக் கூடாது" என்று விதி சொல்லும்போது, கைதேர்ந்தவரின் நுண்வேலைக்குக் கிடைக்கும் அனுகூலம் சுருங்குகிறது; புதியவரின் தடித்த பசைப்பூச்சும் பிழைத்துக்கொள்கிறது.

முதலில் மண்டபம்

கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகல் வேண்டாம். யன்னல் இடுக்கால் வரும் காற்றே இந்த விமானங்களைச் சுவரில் சாத்திவிடும். விடியற்காலையில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் பறக்கவிடுங்கள். கூரை எவ்வளவு உயரம், தொங்கும் விசிறிகளும் வளைகளும் எங்கே என்று பார்த்து வையுங்கள். துறைமுக ஊரின் ஈரப்பதத்தில் மெல்லிய தாள் தளர்ந்து சிறகு முறுகும். அதனால் சிறகுக்கு மெல்லிய பொலித்தீன் உறையே நல்லது.

டெல்டா டார்ட்

அமெரிக்கரான பிராங்க் எலிங் வடிவமைத்தது. அச்சிட்ட தாளின் மேலேயே பல்சாக் குச்சிகளை ஒட்டி, தாளை வெட்டியெடுத்தால் சிறகு தயார். பிளாஸ்ரிக் உந்துவிசிறி, ஓர் இறப்பர் வளையம், ஒரு காலை நேரம். மோதினாலும் தாங்கும், உடைந்தால் அங்கேயே ஒட்டலாம். பறக்கும் நேரம் குறைவுதான். ஆனால் மூக்குப் பாரம், வால் சாய்வு, வட்டத்தின் அகலம் ஆகியவற்றைச் சரிசெய்யக் கைக்குப் பழக்கம் தரும். ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்ய இதைவிட ஏற்றது இல்லை.

லிமிட்டெட் பெனிபிளேன்

பழைய அமெரிக்க ஒரு சத நாணயத்தின் எடையான 3.1 கிராமே இதன் ஆகக்குறைந்த எடை. அரைப் பவுண் தங்கத்தைவிடக் குறைவு. சிறகின் நீளம் 45.7 செ.மீ., அகலம் 12.7 செ.மீ., உந்துவிசிறியின் விட்டம் 30.5 செ.மீ. தாண்டக் கூடாது. உடற்குச்சி குழாயாக இல்லாமல் ஒரே மரத்துண்டாக இருக்க வேண்டும். உயர்ந்த மண்டபங்களில் தேர்ந்தவர்கள் இதை 10 நிமிடத்துக்கு மேல் பறக்க விடுகிறார்கள்.

இதற்கு இன்னோர் இலாபமும் உண்டு. சர்வதேச விதிகளில் தொடக்கநிலை வகை எஃப்1எம். அதில் சிறகு 46 செ.மீ. வரை, எடை 3 கிராமுக்குக் குறையாமல், இறப்பர் 1.5 கிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பெனிபிளேன் இந்த அளவுகளுக்குள் அடங்கும். இறப்பரை அளந்து மாட்டினால் ஒரே விமானம் இரண்டு வகைக்கும் பொருந்தும்.

மினிஸ்டிக்

சிறகு 17.8 செ.மீ., எடை 0.43 கிராம். வீட்டு மண்டபத்திலும் வட்டமிடும் என்பதால் பலர் மயங்குகிறார்கள். சின்னது எளிது என்று நினைக்க வேண்டாம்: இங்கே ஒரு சொட்டுப் பசையும் எடையில் தெரியும். பதிந்த கூரையைத் தவிர வேறிடம் இல்லாதவருக்கு, அதுவும் இரண்டாவது விமானமாகவே இது பொருந்தும்.

இப்போதைக்கு வேண்டாதவை

எஃப்1எல் வகையில் 1.2 கிராமே போதும் என்பதால் மரம் தெரிவதிலேயே பாதி வெற்றி போய்விடும். எஃப்1டி உலக வெற்றிக்கிண்ண மட்டம்: 55 செ.மீ. சிறகு, 1.4 கிராம் உடல், 0.4 கிராம் இறப்பர். ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கம் போன்ற பேருயர வெளிகளில் 20 நிமிடம் கடப்பவை அவை. தூக்கிச் செல்வதற்கே தனிப் பெட்டி வேண்டும்.

தீர்வு

மாணவர் கூட்டத்தை வைத்துத் தொடங்கும் ஆசிரியர் டெல்டா டார்ட்டை எடுக்கட்டும். போட்டியே குறி என்றால் பெனிபிளேன். பல்சாவுக்கும் இறப்பருக்கும் வெளிநாட்டுப் பொதியை நம்ப வேண்டியிருந்தால், மரத்தைவிட இறப்பரைக் கூடுதலாக வாங்குங்கள். முதலில் தீர்வது அதுதான். வெயில் படாமல் மூடிய தகரப் பேணியில் வையுங்கள்.

கூரை தாழ்ந்திருந்தால் கால்பங்கு நீள இறப்பர் மாட்டி, குறைந்த எடையை ஒரு குச்சியால் ஈடுசெய்யுங்கள். அந்த நேரத்தை நான்கால் பெருக்கினால் முழுப் பறப்பு ஏறக்குறைய எவ்வளவு என்று தெரியும். செய்து முடித்ததை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 3.5 கிராம் காட்டினாலும் கழித்துவிடாமல் பறக்க விடுங்கள். அடுத்ததில் எங்கே பாரத்தைக் குறைப்பது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.